ஏரியில் எழுந்த தியாகராய நகரம்

மாலை வேளையில் பனகல் பூங்காவின் வாயிலில் நின்று நாற்புறமும் நோக்குபவருக்குச் சென்னையின் செல்வம் முழுவதும் அங்கே வந்து குவிந்துவிட்டதோ என்று தோன்றும். பட்டுக் கடைகளும் நகைக் கடைகளும், அவற்றின் வாயிற்படிகளில் மொய்க்கும் ஜனங்களும், நகர இடமின்றி நிற்கும் வண்டிகளுமாகக் காட்சி மலைக்க வைக்கிறது. இத்தனை பேரில், தாம் நிற்பது ஒரு பேரேரி பரந்து கிடந்த நிலம் என்பதை அறிந்தவர் எத்தனை பேர்? ஊரின் பெயரே திருவையாற்றுத் தியாகராஜ ஸ்வாமிகளின் நினைவாக வந்தது என்று எண்ணியிருப்போர் பலர் இருக்கையில், மறைந்த ஏரியை நினைக்க யாருக்கு அவகாசம்?

நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கமாகப் பிறை வடிவில் வளைந்து கிடந்தது அவ்வேரி. வெள்ளையர் அதனை ‘லாங் டாங்க்’ என்றனர். சென்னை நகரத்தின் மேற்கெல்லை ஏறக்குறைய அதன் கரையோடு முடிந்தது. அதற்கப்பால் மாம்பலம், கோடம்பாக்கம் முதலிய கிராமங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலக் கனவான்கள் அதில் படகுப் போட்டி நடத்தினார்கள் என்றால் நீர்ப்பரப்பின் அளவை வாசகர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

நகரம் பெருகியது, குடியிருக்க இடம் வேண்டும் என்ற கூக்குரல் எழுந்தது. 1920-ஆம் ஆண்டில் நகரமைப்புச் சட்டம் பிறந்தது. அதே ஆண்டின் இறுதியில் நீதிக் கட்சியார் மாகாணத்தில் பதவி ஏற்றார்கள். 1921 முதல் 1926 வரை பனகல் ராஜா முதன் மந்திரியாக இருந்த காலத்திலேதான் ஏரியை வற்றச் செய்து வீடு கட்டும் ஏற்பாடு உருவாயிற்று. நடுவே ஒரு பூங்கா, அதை நோக்கி வரும் அகன்ற சாலைகள், மரங்களின் நிழல், தோட்டத்தோடு கூடிய மனைகள் என்று திட்டம் தெளிவாகவே வகுக்கப்பட்டது. சந்தும் பொந்துமாக வளர்ந்த பழைய பேட்டைகளைப் பார்த்துச் சலித்த கண்களுக்கு அது ஒரு புது உலகமாகத் தோன்றியிருக்கும். அந்த அமைப்பின் அழகை நாம் மறுக்கவில்லை.

ஊருக்குப் பெயரளித்த ஸர் பிட்டி தியாகராயச் செட்டியார் 1925-இல் காலமானார். 1916-இல் தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களில் ஒருவர். முதன் மந்திரி பதவி தம்மைத் தேடி வந்தபோது அதை ஏற்க மறுத்தவர். நகர சபையின் தலைமையை வகித்தவர். அவர் வாழ்ந்ததும் உழைத்ததும் நெசவாளரும் கூலிக்காரரும் நெருங்கி வசித்த வடசென்னையில். அவர் பெயர் தாங்கிய கல்லூரி இன்றும் வண்ணாரப்பேட்டையில்தான் இருக்கிறது. அன்னாருடைய பெயர் தென்சென்னையின் தனவந்தர்களுக்குரிய பேட்டைக்குச் சூட்டப்பட்டதில் விதியின் குறும்பு சிறிது இருக்கத்தான் செய்கிறது.

சாலைகளின் பெயர்களைப் படித்துக்கொண்டே நடந்தால் நீதிக் கட்சியின் சரித்திரத்தையே படித்ததாகும். டாக்டர் நாயர் சாலை. 1934-இல் சென்னையின் தற்காலிகக் கவர்னராக அமர்ந்த முகம்மது உஸ்மானின் பெயரால் உஸ்மான் சாலை. நடேச முதலியாரின் பெயரால் ஒரு பூங்கா. பாண்டி பஜார் என்று ஜனங்கள் சுருக்கிவிட்ட வீதி சௌந்தரபாண்டியனாரை நினைவூட்டுவது. பிற்காலத்தில் தெருப் பெயர்களிலிருந்து சாதிப் பட்டங்களை நீக்கப் புறப்பட்ட சர்க்கார், ஜி. என். செட்டி சாலையை ஜி. என். சாலை ஆக்கியது. நோக்கத்தில் குறையில்லை, ஆனால் அந்த இரண்டு எழுத்துக்களுக்கு உரியவர் யார் என்று கேட்டால் அத்தெருவாசிகளிலேயே பலர் விழிப்பார்கள்.

எதிர்க்கட்சியார் பெயர் பொறித்த இந்தச் சாலைகளிலே குடிவந்தவர்கள் யார் என்று பார்த்தால் சரித்திரம் இன்னும் சுவைப்படும். பஸுல்லா சாலையில் ராஜாஜி வசித்தார். 1937-இல் நீதிக் கட்சியைத் தோற்கடித்து மந்திரிசபை அமைத்தவர் அவரே. ஹிந்தி பிரசார சபையின் வெள்ளி விழாவுக்காக 1946-இல் காந்தியடிகள் வந்தபோது, அவரைக் காண ஜனசமுத்திரம் திரண்டது இந்த நகரிலேதான். அரிஜனப் பிள்ளைகளின் தொழிற்கல்விக்கென்று தக்கர் பாபா வித்தியாலயமும் மாளிகைகளுக்கு நடுவே இங்கேயே அமைந்தது. திருமலைப் பிள்ளை சாலையிலோ, 1954 முதல் 1963 வரை ராஜ்யத்தை ஆண்ட காமராஜர் வாடகை வீட்டில் வாழ்ந்து, 1975-ஆம் ஆண்டு காந்தி ஜயந்தியன்று அதே வீட்டில் உயிர் நீத்தார். மனையின் விலை ஏறிக்கொண்டே போன பேட்டையில், தமக்கென ஒரு மனை வாங்காமல் வாழ்ந்து மறைந்தார் அவர். இன்று அவ்வீடு நினைவில்லமாக நிற்கிறது. கடைத்தெருவுக்கு வருவோர் பத்து நிமிஷம் ஒதுக்கி அதன் வாசற்படி ஏறினால் நன்று.

1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும், மாம்பலம் நிலையத்தில் இறங்கி வீடு திரும்பும் உத்தியோகஸ்தர் கூட்டம் பெருகிற்று. வக்கீல்களும் வைத்தியர்களும் பின்னர் சினிமா நடிகர்களும் தோட்ட வீடுகள் கட்டினார்கள். பூங்காவை அடுத்து 1928-இல் தோன்றிய நல்லி பட்டுக் கடையைப் பின்பற்றி வந்த கடைகள் எத்தனையோ! நிலையத்திலிருந்து வெளியேறும் ரங்கநாதன் தெரு இன்று மனிதர் நடக்கும் தெருவா, மனித வெள்ளம் ஓடும் கால்வாயா என்று சொல்வது கடினம். தோட்ட வீடுகளில் பெரும்பாலானவை அடுக்குக் கட்டிடங்களாகவும் கடைகளாகவும் மாறிவிட்டன.

இவையெல்லாம் காலத்தின் போக்கு என்று விட்டுவிடலாம். ஏரியின் விஷயத்தை அப்படி விட்டுவிட முடியாது. ஏரி ஒருவருடைய சொத்தன்று. ஊர்ப் பொதுச் சொத்து. பொது அதிகாரத்தால் அதை வற்றச் செய்து மனை பிரித்தபோது, லாபம் மனை வாங்க வல்லவர்களைச் சேர்ந்தது. நுங்கம்பாக்கத்துப் பக்கம் எஞ்சியிருந்த பகுதியும் பிற்காலத்தில் தூர்க்கப்பட்டு, 1976-இல் அதன்மேல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. நீரின் பெருமையை வான்சிறப்பில் பாடிய புலவருக்கு ஏரியை மூடிக் கோட்டம் கண்டோம்! மண் மேடிட்டாலும் பள்ளத்தை மழை மறப்பதில்லை. 2015 டிசம்பரிலும் 2021 நவம்பரிலும் இந்நகரத் தெருக்களில் நீர் புகுந்து நின்றதைக் கண்டோம். பெரிய வீட்டுக்காரர் மாடிக்கு ஏறிக்கொண்டார். கீழ்த்தளத்துக் காவற்காரரும் நடைபாதை வியாபாரியும் எங்கே ஏறுவது?

பழைய ஏரிப் பரப்பின் நீரை அடையாற்றுக்குக் கொண்டு சேர்க்க இன்று இருப்பது மாம்பலம் கால்வாய். அலங்கார நடைபாதைக்குப் பணம் உண்டு; 2019-இல் பாண்டி பஜாரில் அதைக் கண்டோம், நடப்பவர்களுக்கு அது நல்லதே. அதே ஊக்கம் கால்வாயின் பக்கமும் திரும்ப வேண்டும். கால்வாயின் பழைய அகலத்தைப் பதிவேடுகளிலிருந்து எடுத்து, வார்டு வாரியாக ஜனங்கள் காணும்படி நகர சபை வெளியிடட்டும். எங்கே, யாரால் சுருங்கியது என்பதும் அதில் இருக்கட்டும். பிரதிநிதிகளிடம் இதைக் கேட்டுப் பெற ஒவ்வொரு வார்டிலும் பத்துப் பேர் முன்வருவார்களா? மேற்கு மாம்பலத்தில் ‘ஏரிக்காட்சிச் சாலை’ என்று பொருள்படும் லேக் வியூ சாலை இன்றும் இருக்கிறது. முதல் கூட்டத்தை அங்கேயே கூட்டலாம்.