பூவரசம்பூ என்ன கலர்?

இந்த எபிசோடை ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம். பூவரசம்பூ என்ன கலர்?

மஞ்சள்னு சொன்னா சரி. சிவப்புன்னு சொன்னாலும் சரிதான். விரியும்போது அது எலுமிச்சை மஞ்சள். உள்ளே, இதழோட அடியில மட்டும் கருஞ்சிவப்பு. வாட ஆரம்பிச்சதும் ஆரஞ்சு சாயல் வரும், அப்புறம் ஊதா கலந்த சிவப்பா மாறிடும். கடலோர ஊர்கள்ல, பழைய தெருக்கள்ல சாதாரணமா நிக்கிற மரம் இது. நிழல் இருக்குன்னு அதுக்குக் கீழதான் பைக்கை நிறுத்துறோம். ஆனா பூ நிறம் மாறுறதை நம்மள்ல எத்தனை பேர் பார்த்திருப்போம்?

இன்னைக்குப் பேசப்போறது நேச்சர் ஜர்னலிங் பத்தி. ஒரு நோட்டு, ஒரு பென்சில், கொஞ்சம் வாட்டர்கலர். கண்ணுல படுற செடி, பூச்சி, பறவை எதையாவது வரைஞ்சு, பக்கத்துல நாலு வரி எழுதி, தேதியும் நேரமும் போட்டு வைக்கிறது. அவ்வளவுதான்.

உடனே வர்ற பதில், "எனக்கு வரையத் தெரியாதே!" நம்மள்ல பாதிப் பேர் ஐடிங்கிறதால இப்படிச் சொல்றேன். ஒரு ப்ரோக்ராம் நடுராத்திரி ஏன் கிராஷ் ஆச்சுன்னு தெரியணும்னா லாக் ஃபைலைத் திறப்போம். அது அழகா இருக்கான்னு யாரும் கேக்க மாட்டாங்க. என்ன நடந்தது, எத்தனை மணிக்கு நடந்ததுன்னு இருந்தா போதும். இந்த நோட்டும் அப்படித்தான். சுவர்ல மாட்டுறதுக்கு இல்ல, பார்த்ததைப் பதிவு பண்றதுக்கு.

அடுத்த கேள்வி, "போன்ல போட்டோ எடுத்தா போதாதா?" போட்டோ நல்லதுதான். ஆனா ஒரு இலையைப் போட்டோ எடுக்க, அதுல எத்தனை நரம்பு இருக்குன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்க வேண்டியதில்ல. வரையணும்னா தெரிஞ்சாகணும். பூவரச இலை இதய வடிவம்னு ஒரே கோட்டுல போட்டுடலாம். அதுக்கப்புறம்தான் சிக்கல். காம்பு சேர்ற இடத்துலேர்ந்து கிளம்புற நரம்பு அஞ்சா, ஏழா? முனை எவ்வளவு கூர்மை? பென்சில் அங்கங்க நின்னுடும். நிமிர்ந்து மறுபடியும் மரத்தைப் பார்ப்போம். அந்த ரெண்டாவது பார்வைக்காகத்தான் இவ்வளவு வேலையும்.

இது புது ட்ரெண்ட்னு நினைக்காதீங்க. 19-ஆம் நூற்றாண்டுல மதராஸ் மாகாணத்துல ராபர்ட் வைட்னு ஒரு ஸ்காட்லாந்து டாக்டர் இருந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியில வேலை, ஆர்வமெல்லாம் தாவரங்கள் மேல. அவருக்காகச் செடிகளைப் பார்த்துப் பார்த்து வரைஞ்சவங்க ரங்கையா, கோவிந்து ரெண்டு பேரும். தென்னிந்திய ஓவியர்கள். 1838-லேர்ந்து 1853 வரைக்கும் வைட் தொகுதி தொகுதியா வெளியிட்ட தாவரப் படங்கள் 2,000-க்கும் மேல. செடியோட முழு உருவம் மட்டுமில்ல, பூவைப் பிரிச்சு உள்ள இருக்கிற உறுப்புகளையும் தனித்தனியா வரைஞ்சிருக்காங்க. ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கு வைட் 'கோவிந்தூயியா'ன்னு கோவிந்துவோட பேரையே வச்சார். ஓவியத்தை அலங்காரமா மட்டும் பார்த்திருந்தா அப்படி ஒரு மரியாதை கிடைச்சிருக்காது. அது அறிவியல் வேலை.

சரி, நாம எப்படி ஆரம்பிக்கிறது? அமெரிக்காவுல ஜான் மியூர் லாஸ்னு ஒரு இயற்கை ஓவியர் இருக்கார். அவர் சொல்லிக்கொடுக்கிற மூணு கேள்வி ரொம்ப எளிமை. நான் என்ன கவனிக்கிறேன்? எனக்கு என்ன சந்தேகம் வருது? இது எனக்கு எதை ஞாபகப்படுத்துது?

பூவரசுக்கே போட்டுப் பார்ப்போம். கவனிக்கிறது: பூவோட நடுவுல ஒரு தூண் மாதிரி நீட்டிக்கிட்டிருக்கு, அதைச் சுத்தி மகரந்தம். சந்தேகம்: நிறம் மாறின பூவுக்குப் பூச்சி வருதா, இல்ல மஞ்சள் பூவுக்கு மட்டும்தானா? இதுக்கு கூகுள் வேண்டாம், அரைமணி நேரம் உட்கார்ந்து எண்ணினா போதும். ஞாபகம்: இலையைச் சுருட்டி ஊதின பீப்பி முதல்ல வரும். அடுத்து, அந்தப் பூவை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கேன்னு தோணும். செம்பருத்தியில அதே தூண். வெண்டைப்பூவுல அதே மஞ்சள், அதே கருஞ்சிவப்பு நடுப்பகுதி. பருத்திப்பூவும் கிட்டத்தட்ட அப்படித்தான். தாவரவியல் புத்தகத்தைத் திறந்தா, நாலும் ஒரே குடும்பம், மால்வேசியே. புத்தகம் சொல்றதுக்கு முன்னாடியே உங்க நோட்டு அதைச் சொல்லியிருக்கும்.

இப்போ வாட்டர்கலர். 12 கலர் இருக்கிற சின்ன டப்பா போதும். பேப்பர்ல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், 300 ஜிஎஸ்எம் வாங்குங்க. மெல்லிசா இருந்தா தண்ணி பட்டதும் அலை அலையா சுருங்கிடும்.

வாட்டர்கலர் ஒளி ஊடுருவுற வண்ணம். வெள்ளைக்குன்னு தனியா எதையும் பூச மாட்டோம், பேப்பரோட வெள்ளையை அப்படியே விட்டுடுவோம். அதனால வெளிர் நிறம் முதல்ல, அடர் நிறம் கடைசியில. பூவரசம்பூவுக்கு முதல்ல தண்ணியான மஞ்சள். அடுத்து நடுவுல கருஞ்சிவப்பு. மஞ்சள் ஈரமா இருக்கும்போதே வச்சா ஓரம் கசிஞ்சு பரவும். காய்ஞ்சப்புறம் வச்சா ஓரம் கத்தி மாதிரி நிக்கும். எது சரி? அதுக்குப் பூவைத்தான் பார்க்கணும். மஞ்சளும் சிவப்பும் சேர்ற ஓரம் உங்க பூவுல எப்படி இருக்கு? இங்கேயும் டெக்னிக் நம்மளை மறுபடி மரத்துக்கிட்டதான் அனுப்புது.

இலைக்கு டப்பாவுல இருக்கிற பச்சையை அப்படியே பூசினா பிளாஸ்டிக் மாதிரி தெரியும். மஞ்சளும் நீலமும் கலந்து, துளி சிவப்பு சேருங்க, பச்சை அடங்கும். வாடின பூவுக்கு, காய்ஞ்ச மஞ்சள் மேல மெல்லிசா ஒரு சிவப்பு பூசுங்க. அடியில இருக்கிற மஞ்சள் தெரியும், ஆரஞ்சு தானா வரும். ஒண்ணு ஞாபகம் வச்சுக்குங்க, காய்ஞ்சதும் நிறம் கொஞ்சம் வெளுக்கும்.

இதெல்லாம் எதுக்கு? நம்ம தெருவுல மழைநீர் வடிகாலுக்கோ ரோட்டை அகலப்படுத்தவோ ஒரு மரத்தை வெட்டினா, ரெண்டு நாள் வெயில் அதிகமா தெரியும், அப்புறம் பழகிடும். அங்க என்ன மரம் இருந்துச்சு, எந்த மாசம் பூத்துச்சு, எந்தப் பறவை வந்துச்சுன்னு கேட்டா பதில் சொல்ல ஆள் இருக்காது. உங்க நோட்டுல தேதியோட பத்துப் பக்கம் இருந்தா, பதில் இருக்கு. சீசன்வாட்ச்னு ஒரு மக்கள் அறிவியல் திட்டம் இந்தியா முழுக்க நடக்குது. ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, துளிர், பூ, காய் நிலையை வாராவாரம் பதிவு பண்ணலாம். படத்தோட பழகின கண்ணுக்கு அது சுலபம்.

இந்த வார வேலை இதுதான். ஆபீஸ் போற வழியில ஒரே ஒரு மரம். காலையில 15 நிமிஷம், சாயங்காலம் 15 நிமிஷம், ரெண்டு படம், எதிரெதிர்ப் பக்கத்துல. படம் கோணலா இருந்தா பரவாயில்ல. தேதி, நேரம் மட்டும் மறக்காதீங்க. ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல என்ன மாறியிருக்குன்னு எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பேசலாம்.