சால்மனுக்குக் கொடுத்த காசுக்கு சால்மன்தானா?

பெருநகரக் கடைகளின் பனிப்பெட்டியில் நார்வே சால்மன் துண்டுகளை இப்போது சாதாரணமாகப் பார்க்கலாம். வஞ்சிரத்தைவிட விலை அதிகம். கொடுக்கிற காசுக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டு வாங்க நமக்கு உரிமை உண்டு.

குளிர்கடல் மீனின் சிறப்பு அதன் கொழுப்பில் இருக்கிறது. கடும் குளிரிலும் இறுகாத கொழுப்பு அதன் உடலில் சேர்கிறது. இதயத்துக்கு நல்லது என்று மருத்துவர்கள் சொல்லும் ஒமேகா-3 அதில்தான் உண்டு. சால்மன், ஹெர்ரிங், அட்லாண்டிக் மேக்கரல் ஆகியவற்றின் சதையிலேயே அது நிறைந்திருக்கும். காட் மீனின் சதையிலோ கொழுப்பு மிகக் குறைவு, எல்லாம் ஈரலில். காட் லிவர் ஆயில் வருவது அங்கிருந்துதான். ஒமேகா-3 மட்டுமே வேண்டும் என்றால் நம்மூர் மத்தி மீனே போதும் என்பேன்.

அதே கொழுப்பு சீக்கிரம் காறிப்போகும். பொட்டலத்துக்குள் பெரிய பனிக்கட்டிகள் தெரிந்தாலோ, உருகிய நீர் அடியில் உறைந்திருந்தாலோ, வழியில் எங்கோ ஒருமுறை உருகி மறுபடி உறைந்த மீனாக இருக்கலாம். வாங்காதீர்கள். மேக்கரல், சூரை, மத்தி வகைகளில் இன்னொரு ஆபத்தும் உண்டு. குளிர் விட்டுப்போனால் பாக்டீரியாக்கள் சதையில் ஹிஸ்டமினை உண்டாக்கும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது, நாற்றமும் காட்டிக்கொடுக்காது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, வாய் எரிந்து, தலை வலிக்கும். பலர் இதை மீன் ஒவ்வாமை என்று நினைத்துவிடுகிறார்கள். மூச்சுத் திணறினால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். பச்சையாகச் சாப்பிடுவதானால் அனிசாகிஸ் என்ற புழுவையும் நினைவில் வையுங்கள். மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் வைத்தால் அது சாகும். வீட்டு ஃப்ரிட்ஜை நம்ப முடியாது. நன்றாக வேகவைத்தாலும் சாகும்.

பெயரிலும் ஏமாறலாம். ‘இந்தியன் சால்மன்’ என்று விற்பது நம் காலா மீன். ருசியான மீன்தான், ஆனால் சால்மன் இனமே அல்ல, சதை வெளுத்திருக்கும். அதை நார்வே சால்மன் விலைக்கு விற்றால் அது மோசடி.

பொட்டலத்தில் மீன் இனம், இறக்குமதி செய்தவர் பெயர், காலாவதித் தேதி, 14 இலக்க உணவு உரிம எண் ஆகியவற்றைப் பாருங்கள். ரசீதில் மீனின் பெயரை எழுதச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால், 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆவது பிரிவின்படி நீங்களே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கலாம். சோதிக்கப் போவதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். மீன் சட்டப்படி இல்லை என்று அறிக்கை வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

இழப்பீடு கேட்க முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. 2 ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். ரசீதையும் பொட்டலத்தின் மேலுறையையும் அதுவரை தூக்கிப்போடாதீர்கள்.