உபுண்டுவிலிருந்து ஃபெடோராவுக்கு, அமீர்பேட் வழியாக

ஹைதராபாத் அமீர்பேட்டில், மைத்ரிவனம் பக்கம் நடப்பவர் அண்ணாந்து பார்த்தால் வானத்தைவிடப் பலகைகள்தான் அதிகம் தெரியும். ஜாவா, பைத்தான், டெவாப்ஸ், கிளவுட் என்று நீளும் அந்தப் பயிற்சி நிலையப் பலகைகளில் லினக்ஸும் உண்டு. லினக்ஸ் என்றால் இங்கே பெரும்பாலும் ரெட் ஹேட். சான்றிதழ்த் தேர்வும் அதற்குத்தான். ஆனால் கல்லூரி நாளிலேயே லினக்ஸ் பழகியவர்களின் லேப்டாப்பில் இருப்பது அநேகமாக உபுண்டு. மென்பொருளை நிறுவ வகுப்பில் சொல்லித் தந்த 'டிஎன்எஃப்' கட்டளையை அறைக்கு வந்து அடித்துப் பார்த்தால், அப்படி எதுவும் இல்லை என்று அது கைவிரிக்கும். ரெட் ஹேட் ஆதரவில் வளரும் ஃபெடோராவுக்கு மாறிவிடலாமா என்ற யோசனை அங்கேதான் முளைக்கிறது.

மாறலாம். பலரும் பயப்படும் அளவுக்கு அது பெரிய காரியம் அல்ல.

1991-இல் லீனஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட கெர்னல்தான் எல்லா லினக்ஸுக்கும் அடித்தளம். அதோடு மற்ற மென்பொருள்களைச் சேர்த்து, நிறுவத் தயாராகக் கொடுக்கும் தொகுப்புதான் டிஸ்ட்ரோ. 1993-இல் தொடங்கிய டெபியனிலிருந்து 2004-இல் உபுண்டு பிறந்தது. உபுண்டுவிலிருந்து மின்ட் வந்தது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் வாரிசுதான். தமிழக அரசு 2011-இல் மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது விண்டோஸுடன் இந்த பாஸும் சேர்ந்தே வந்தது. ஹைதராபாத்துக்கும் சொந்தமாக ஒன்று உண்டு. ஸ்வேச்சா என்ற கட்டற்ற மென்பொருள் அமைப்பு, தெலுங்கிலேயே இயங்கும் லினக்ஸை உருவாக்கியது. பள்ளிப் பிள்ளைகளுக்கென்று பால ஸ்வேச்சா என்று தனியாக ஒன்றும்.

அப்படியானால் ஒன்றுக்கொன்று என்னதான் வித்தியாசம்? முகப்புத் தோற்றம் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். 2011-இல் உபுண்டு தன் முகப்பை யூனிட்டிக்கு மாற்றியபோது, பிடிக்காமல் மின்ட்டுக்குக் குடிபெயர்ந்தவர்கள் ஏராளம். உண்மையில் க்னோம், கேடிஇ போன்ற முகப்புகளை எந்தப் பெரிய டிஸ்ட்ரோவிலும் போட்டுக்கொள்ளலாம். அழகுக்காக மட்டும் டிஸ்ட்ரோ மாறுவது வீண் வேலை. பார்க்க வேண்டியது காலண்டரை. உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. ஐந்து ஆண்டுகள் அப்டேட் கிடைக்கும். ஃபெடோரா ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு. ஒவ்வொன்றுக்கும் ஆயுள் சுமார் 13 மாதம். புதியது உடனே கைக்கு வரும், ஆனால் ஆண்டுக்கு ஒருமுறையாவது பதிப்பை உயர்த்தியே ஆக வேண்டும். ப்ராஜெக்ட் கெடுவுக்கு முந்தைய வாரம் இதைச் செய்ய யாருக்கும் மனம் வராது.

மென்பொருளை நிறுவும் முறை அடுத்த வித்தியாசம். டெபியன் குடும்பத்தில் 'ஏபிடி', ஃபெடோரா குடும்பத்தில் 'டிஎன்எஃப்', ஆர்ச்சில் 'பேக்மேன்'. கேரளப் பள்ளிகளின் ஐடி@ஸ்கூல் லினக்ஸ் முதலில் டெபியனை அடிப்படையாகக் கொண்டிருந்தது. பிறகு உபுண்டுவுக்கு மாறியது. ஒரே குடும்பத்துக்குள் நடந்த மாற்றம் என்பதால் ஆசிரியர்கள் பழகிய 'ஏபிடி' கையை விட்டுப் போகவில்லை. அமீர்பேட் மாணவருக்கு அந்த வசதி இல்லை. அவர் குடும்பத்தையே மாற்றுகிறார்.

மாறுவது என்று முடிவானால் முதல் வேலை, புதிய டிஸ்ட்ரோவை ஒரு பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமலேயே அதிலிருந்து லேப்டாப்பை இயக்கிப் பார்ப்பது. வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, மூடியை மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா என்று பார்க்க அரை மணி நேரம் போதும். செகந்திராபாத் சினாய் டிரேட் சென்டர் போன்ற கம்ப்யூட்டர் சந்தைகளில் பழைய லேப்டாப் வாங்கியவர்கள் இதைத் தவிர்க்கவே கூடாது. சில பிராட்காம் வைஃபை சிப்புகளுக்கு டிரைவரைத் தனியாகத்தான் நிறுவ வேண்டும்; அதுவரை ஃபோனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி அதன் இணையத்தைக் கடன் வாங்க வேண்டியிருக்கும். மிகப் பழைய 32-பிட் லேப்டாப் என்றால் ஃபெடோராவும் இல்லை, இன்றைய உபுண்டுவும் இல்லை. 2025-இல் வந்த டெபியன் 13 கூட அதற்கான நிறுவியைக் கைவிட்டுவிட்டது.

ஆவணங்கள், படங்கள், அமைப்புகள் எல்லாம் இருப்பது 'ஹோம்' என்ற இடத்தில். அதற்குத் தனிப் பார்ட்டிஷன் ஒதுக்கியிருந்தால், ஃபார்மேட் கட்டத்தில் டிக் போடாமல் அதை அப்படியே புதிய டிஸ்ட்ரோவுக்குக் கொடுத்துவிடலாம். முதல் பயனருக்கு உபுண்டுவும் ஃபெடோராவும் 1000 என்ற ஒரே எண்ணைத் தருவதால் கோப்புகள் உரிமையாளரைச் சரியாகவே அடையாளம் காணும். இருந்தாலும் வெளி டிஸ்க்கில் ஒரு நகல் அவசியம். சிக்கலும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்த டிஸ்க் லினக்ஸின் அனுமதிக் குறிகளைச் சேமிக்காது. வேறு கணினிக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்ஹெச் சாவி அதில் போய்த் திரும்பினால், அதை 'அனுமதி அளவுக்கு மீறித் திறந்திருக்கிறது' என்று சொல்லி எஸ்எஸ்ஹெச் ஏற்க மறுக்கும். அனுமதியை 600 என்று மாற்றினால் சரியாகிவிடும்.

ஃபயர்பாக்ஸ் இன்னொரு கண்ணி. உபுண்டு 22.04-இல் அது ஸ்னாப் என்ற பொதி வடிவில் வருகிறது. புக்மார்க்குகளும் சேமித்த பாஸ்வேர்டுகளும் வழக்கமான மோசில்லா ஃபோல்டரில் இல்லாமல், 'ஸ்னாப்' என்ற ஃபோல்டருக்குள்ளே இருக்கும். தெரியாதவர் காலியான ஃபோல்டரை நகலெடுத்துவிட்டு, புது டிஸ்ட்ரோவில் வெறும் பிரவுசரைப் பார்த்துத் திகைப்பார்.

தமிழில் எழுதுபவர் கடைசியாக ஐபஸ் என்ற உள்ளீட்டு அமைப்பில் விசைப்பலகைகளைத் தரும் எம்17என் தொகுப்பு இருக்கிறதா என்று பார்த்து, தமிழ்99 விசைப்பலகையைச் சேர்க்க வேண்டும். ஐந்து நிமிட வேலை.

இத்தனையும் தேர்வுக்காக மட்டும் என்றால், லேப்டாப்பைத் தொடவே தேவையில்லை. தனிநபர்கள் ரெட் ஹேட்டையே 16 கணினிகள் வரை இலவசமாக நிறுவிக்கொள்ள 2021 முதல் அந்த நிறுவனமே அனுமதிக்கிறது. உபுண்டுவுக்குள் ஒரு விர்ச்சுவல் மெஷினில் அதைப் போட்டுக்கொண்டால், வகுப்பில் சொல்லித் தந்த கட்டளை அன்றிரவே வேலை செய்யும்.