மண்ணுக்குள் ஒரு வீடு

எலி வளை தோண்டும். முயலும் வளை தோண்டும். 30 கிலோ எடையுள்ள விலங்கு வளை தோண்டுமா? தோண்டும். அதன் பெயர் வாம்பட்.

வாம்பட் ஆஸ்திரேலியாவில் வாழும் விலங்கு. பார்ப்பதற்குக் கரடிக் குட்டி போல இருக்கும். பருத்த உடல், குட்டைக் கால்கள், உறுதியான நகங்கள். ஆனால் அது புல் தின்னும் பிராணி. கங்காருவைப் போல இதற்கும் வயிற்றில் பை உண்டு. குட்டி அந்தப் பையில்தான் வளரும்.

வாம்பட் ஏன் மண்ணுக்குள் வாழ்கிறது?

அங்கே கோடை வெயில் கடுமையானது. வளைக்குள்ளே குளிர்ச்சி இருக்கும். காற்றிலும் ஈரம் இருக்கும். பகல் முழுவதும் அது உள்ளே தூங்கும். இரவில் வெளியே வந்து மேயும். இதனால் உடம்பில் உள்ள நீர் வீணாகாது. குறைந்த தண்ணீரிலும் அதனால் வாழ முடிகிறது.

முன்கால் நகங்களால் அது மண்ணைத் தோண்டும். மண்ணைப் பின்னால் தள்ளும். அப்போது பைக்குள் மண் விழாதா? விழாது. கங்காருவின் பை மேல்பக்கம் திறந்திருக்கும். வாம்பட்டின் பையோ பின்கால்களை நோக்கித் திறந்திருக்கும். தாய் மண் தோண்டினாலும் குட்டி பத்திரமாக இருக்கும்.

டிங்கோ என்னும் காட்டு நாய் துரத்தினால் வாம்பட் வளைக்குள் ஓடும். தன் பின்பக்கத்தால் வழியை அடைத்துக்கொள்ளும். அந்த இடத்தில் தோல் மிகவும் தடிப்பானது. அங்கே நாய் கடித்தாலும் எளிதில் காயம் படாது.

வெயிலுக்கும் பகைக்கும் வளை போதும். பசிக்கு என்ன செய்வது?

வாம்பட்டில் மூன்று வகை உண்டு. அவற்றில் ஒன்று வடக்கு முடிமூக்கு வாம்பட். இதன் மூக்கில் மெல்லிய முடி இருக்கும். ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்கள் ஆடு மாடுகளைக் கொண்டுவந்தார்கள். அவை புல்லை மேய்ந்தன. மழை பொய்த்த ஆண்டுகளில் வாம்பட்டுக்குப் புல் மிஞ்சவில்லை. கடைசியில் இந்த வகை ஒரே ஓர் இடத்தில்தான் மிஞ்சியது. குயின்ஸ்லாந்து மாநிலத்தில் உள்ள எப்பிங் காடுதான் அது. 1980களின் தொடக்கத்தில் அங்கே ஏறக்குறைய 35 வாம்பட்டுகளே இருந்தன.

அந்தக் காடு 1971இல் தேசியப் பூங்கா ஆனது. ஆனாலும் மாடுகள் மேய்வது நிற்கவில்லை. 1982இல் மாடுகள் நுழையாதபடி வேலி போட்டார்கள். புல் மீண்டும் வளர்ந்தது. பிறகு டிங்கோ நாய்கள் புகுந்து சில வாம்பட்டுகளைக் கொன்றன. அதனால் 2002இல் 20 கிலோமீட்டர் நீளத்துக்கு நாய் புகாத வேலி அமைத்தார்கள்.

இன்னொரு கவலையும் இருந்தது. எல்லா வாம்பட்டும் ஒரே இடத்தில் இருந்தால் என்ன ஆகும்? ஒரு தீ போதும், ஒரு நோய் போதும். எல்லாம் அழிந்துவிடும். வாம்பட் ஒரு தடவைக்கு ஒரு குட்டிதான் போடும். இழந்ததை ஈடுசெய்யப் பல ஆண்டுகள் ஆகும். எனவே 2009இல் சில வாம்பட்டுகளை வேறோர் இடத்தில் குடியேற்றினார்கள். 2024இல் மூன்றாவது இடத்திலும் குடியேற்றினார்கள்.

இன்று இந்த வாம்பட்டுகள் 300க்கும் மேல் இருக்கின்றன. ஆபத்து இன்னும் முழுவதும் நீங்கவில்லை. ஆனாலும் அழிவின் விளிம்பிலிருந்து அவை மீண்டு வருகின்றன.

வாம்பட் தன் வீட்டைத் தானே தோண்டிக்கொள்ளும். அதன் புல்லைப் பறிக்காமல் இருப்பது மனிதரின் பொறுப்பு.