தமிழ்மொழிமூல மாணவரும் தொடக்கநிலை ஆங்கிலமும்: கொழும்புச் சூழலை முன்வைத்துச் சில குறிப்புகள்

இலங்கைப் பாடசாலைகளில் ஆங்கிலம் 'இரண்டாம் மொழி' என்ற பெயராலேயே கற்பிக்கப்பட்டு வருகின்றது. இரண்டாம் மொழி என்பது வகுப்பறைக்கு வெளியிலும் கற்போனின் அன்றாட வாழ்வில் வழங்குவது. அந்நிய மொழியோ வகுப்பறை மணியோடு நின்றுவிடுவது. இவ்வேறுபாட்டை மனங்கொண்டு, கொழும்பிலே தமிழர் செறிந்து வாழும் வெள்ளவத்தையையும் கொட்டாஞ்சேனையையும் நோக்குமிடத்து, ஒரே வீதியில் வாழும் இரு மாணவருள் ஒருவனுக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழியாகவும் மற்றவனுக்கு அந்நிய மொழியாகவும் இருப்பதைக் காணலாம். நமது கற்பித்தல் முறை முதலாமவனையே பொது மாணவனாகக் கொள்கிறது. இரண்டாமவனுக்கு அவனுடைய தமிழே ஆங்கிலத்துக்கான வாயிலாதல் வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இந்நிலைமை தோன்றிய வரலாறு பலரும் அறிந்ததே. 1945இல் இலவசக் கல்வி வந்தது. தாய்மொழிமூலக் கல்வி படிப்படியாக மேல்வகுப்புகளுக்கு விரிந்து, 1960இல் பல்கலைக்கழகக் கலைப் பாடங்களையும் எட்டியது. கல்வியின் வாயில் பெருந்தொகையானோருக்குத் திறந்தது. ஆனால் தனியார் துறையும் வணிகமும் உயர்தொழில்களும் ஆங்கிலத்தைக் கைவிடவில்லை. சிங்கள இளைஞர் ஆங்கிலத்தைக் 'கடுவ', அதாவது வாள், என்று வழங்கியதை வைத்துப் பேராசிரியர் திரு கந்தையா 1984இல் எழுதிய கட்டுரை இவ்வதிகார உறவை நன்கு விளக்குகின்றது. 1980களிலிருந்து பெருகிய சர்வதேசப் பாடசாலைகளும், 2001, 2002ஆம் ஆண்டுகளில் அரச பாடசாலைகள் சிலவற்றில் மீண்டும் தொடங்கிய ஆங்கிலமூலக் கற்பித்தலும் பிளவை மேலும் கூர்மையாக்கின.

வெள்ளவத்தையிலே ஆங்கிலேயர் காலந்தொட்டுக் குடியேறிய அரசாங்க உத்தியோகத்தர் குடும்பங்களும் உள்ளன. போர்க்காலத்தில் வடக்கு கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்தோரும் உள்ளனர். கொட்டாஞ்சேனையில் துறைமுகத்தையும் சிறு வணிகத்தையும் நம்பி வாழ்வோர் பலர். அங்குள்ள பதின்மூன்று வயது மாணவன் வீட்டிலே தமிழும் வீதியிலே சிங்களமும் பேசுவான். ஆங்கிலத்தை அவன் காண்பதெல்லாம் கடைகளின் பெயர்ப்பலகைகளிலும் மருந்துப் பெட்டிகளிலுந்தான். கேட்டுப் பழகுதற்கு ஆளில்லை.

இத்தகையோனிடம் ஆங்கிலத்தை ஆங்கிலத்தாலேயே கற்பித்தல் வேண்டும் என்ற கோட்பாடு எங்கிருந்து வந்தது? 1961இல் உகண்டாவின் மக்கெரேரேயில் நடந்த பொதுநலவாய நாடுகளின் மாநாடு, ஆங்கிலக் கற்பித்தற் கொள்கைகளை நெறிப்படுத்திய ஒன்று. ஆங்கிலத்தை ஒருமொழி நிலையிலேயே கற்பித்தல் வேண்டும், தாய்மொழியாளரே சிறந்த ஆசிரியர், பிறமொழிகள் புகுந்தால் தரம் குன்றும் என்பன போன்ற நம்பிக்கைகள் அக்காலத்தில் வலுப்பெற்றன. றொபேட் பிலிப்சன் 1992இல் வெளியிட்ட நூலில் இவற்றை ஐந்து பொய்ம்மைகளாக எடுத்துக்காட்டினார். ஆங்கிலம் விற்கும் நாடுகளின் நலனுக்கு இவை உகந்தவை என்பது அவர் கருத்து. ஆயினும் நமது வகுப்பறைகளில் அவை இன்னும் அறிவியல் உண்மைகள் போலவே உலவுகின்றன. தமிழில் விளக்கம் கேட்கும் மாணவன் குற்றவாளியாகிறான்.

பதின்ம வயதினன் குழந்தையல்லன். குழந்தைப் பாட்டும் கைதட்டலும் அவனை நாணச் செய்யும். ஆனால் குழந்தைக்கில்லாத ஒரு கருவி அவனிடம் உண்டு: எழுவாய், பயனிலை, செயப்படுபொருள், வேற்றுமை என்பவற்றைத் தமிழ்ப் பாடத்தில் ஏற்கெனவே கற்றிருக்கிறான். ஆங்கில வகுப்பின் வாசலிலே இவ்வறிவைக் கழற்றி வைத்துவிட்டு வருமாறு அவனைக் கேட்கிறோம்.

சில எடுத்துக்காட்டுகளை நோக்கலாம். 'அவன் மாணவன்' என்பது தமிழில் நிறைவான வாக்கியம், வினைச்சொல் வேண்டுவதில்லை. ஆங்கிலத்தில் இடையே 'இஸ்' வந்தே தீரவேண்டும். மாணவன் அதை விடுவது கவனக்குறைவாலன்று. தமிழின் ஒழுங்கைக் கடைப்பிடிப்பதால். இதை ஒருமுறை தமிழிற் சொல்லிவிட்டால் பல மாதத் திருத்தம் மிஞ்சும்.

'ஏ', 'த' என்னும் சுட்டுகளே மிகக் கடினமானவை. தமிழில் அவற்றுக்கு இணையில்லை என்பர். முற்றிலும் அப்படியன்று. 'புத்தகம் வாங்கினேன்' என்பதற்கும் 'புத்தகத்தை வாங்கினேன்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ் பேசும் எவனும் உணர்வான். பின்னதில் இருவருக்கும் தெரிந்த புத்தகம் சுட்டப்படுகிறது. ஆங்கிலம் அங்கே 'த' இடும். இரண்டாம் வேற்றுமையுருபு செய்யும் இப்பணி அஃறிணைச் செயப்படுபொருளுக்கே பொருந்தும், எல்லா இடத்திலும் உதவாது என்பதை ஆசிரியர் சேர்த்துச் சொல்ல வேண்டும். எனினும் 'குறித்தது, குறியாதது' என்ற உணர்வு மாணவனிடம் ஏலவே உண்டு என்பதற்கு இதுவே சான்று.

சொல்லொழுங்கும் அவ்வாறே. 'நான் நேற்று வெள்ளவத்தைச் சந்தையில் வாங்கிய மீன்' என்பதை ஆங்கிலம் 'மீன், நான் வாங்கிய, சந்தையில், வெள்ளவத்தை, நேற்று' என்று கண்ணாடியிற் கண்டாற்போல் திருப்பி அடுக்கும். தமிழ்ச் சொற்களையே ஆங்கில வரிசையில் அடுக்கிக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் வகுப்பு சிரிக்கும், சிரித்தபின் மறக்காது.

ஒலியைப் பொறுத்தவரை எச்சரிக்கை வேண்டும். ஆங்கிலச் சொற்களைத் தமிழெழுத்தில் எழுதி வைத்துக்கொள்ளும் வழக்கம் பரவலானது. அவ்வாறு எழுதும்போது பன்றியும், பெரியது என்பதும், பொறுக்கியெடு என்பதும், அத்திப்பழமும் 'பிக்' என்ற ஒரே வடிவைப் பெறும். இங்கே தமிழெழுத்து உதவாது. மறுபுறம், யாழ்ப்பாணத்தார் 'வெற்றி', 'காற்று' என்பவற்றில் ஒலிக்கும் றகரம் ஆங்கிலத்தின் அண்பல் ஒலிக்கு மிக அண்மையானது. 'பற்றரி' என்று நாம் எழுதுவதும் தமிழகத்தார் 'பேட்டரி' என்பதும் இதனாலேயே. நமது வழக்கைக் கேலி செய்வோர் இதனைக் கவனிக்கலாம்.

தமிழைப் பயன்படுத்துதல் என்றால் பாடநேரம் முழுவதும் தமிழில் விரிவுரையாற்றுவதன்று. மாணவன் வாய்திறந்து பேசாத வகுப்பில் எம்முறையும் பயன் தராது. ரியூசன் வகுப்புகளிற் பரீட்சைக் கட்டுரைகளை மனனஞ் செய்விப்பதை இதனோடு ஒப்பிடுதல் தகாது. அங்கே தமிழுமில்லை, ஆங்கிலமுமில்லை.

மாணவர் இதனைத் தாமாகவே செய்து வருகின்றனர் என்பதற்கும் சான்றுண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் அமெரிக்கப் பாடநூலொன்றின் ஓரங்களில் எழுதிய தமிழ்க் குறிப்புகளையும் வரைந்த சித்திரங்களையும் சுரேஷ் கனகராஜா 1999இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்துள்ளார். பாடநூல் காட்டிய அந்நிய வாழ்க்கைக்குத் தம் மொழியால் அவர்கள் விடையளித்தனர். அவர் கண்டது பல்கலைக்கழக மாணவரிடத்து. பதினைந்து வயதினரின் பாடநூல் ஓரங்களும் வெறுமையாக இருப்பதில்லை.

அரசாங்கம் வழங்கும் ஆங்கிலப் பாடநூல் சிங்கள, தமிழ் மாணவர் இருசாராருக்கும் ஒன்றே. ஆனால் சிங்களத்தில் 'பொத' என்றால் குறித்த புத்தகம், 'பொதக்' என்றால் ஏதோ ஒரு புத்தகம். குறியாமைக்கு அம்மொழி ஈறு சேர்க்கிறது, தமிழோ குறித்தமைக்கு உருபு சேர்க்கிறது. ஆகவே இருசாராரும் ஒரே பிழையைச் செய்யினும் காரணம் வேறு. பாடநூலுக்கு மொழிவாரியான சிறு துணைநூல்கள் இரண்டு எழுதப்படுதல் வேண்டும். ஆசிரிய கலாசாலைகளில் ஒப்பீட்டிலக்கணமும் கற்பிக்கப்படுதல் வேண்டும். இருமொழியும் பேசும் கொட்டாஞ்சேனைச் சிறுவர் முன்னே 'பொதக்', 'புத்தகத்தை' என்னும் இரண்டையும் கரும்பலகையில் எழுதி, ஆங்கிலச் சுட்டுகள் எவ்விடத்து வரும் என்று அவர்களையே கேட்கலாம்.