ஃபயர்வால் காக்காத கதவு

தாராவியின் தோல் பட்டறைகளிலும் மாட்டுங்கா, செம்பூர்க் கடைகளிலும் கணக்கெழுதும் கணினியிலேயே வங்கிப் பரிவர்த்தனையும் நடைபெறுவதுண்டு. கணக்காளர் வீட்டிலிருந்தே அதனை இயக்குவதற்குத் தொலை அணுகல் மென்பொருள் உதவுகிறது. அது எவ்வழியே இயங்குகிறது என அறிதல் நலம்.

இணையத் தொடர்புகள் போர்ட் எனப்படும் எண்ணிட்ட வாயில்கள் வழியே நிகழ்கின்றன. வங்கி இணையதளத்துக்குரியது 443. விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் வசதி 3389ஆம் வாயிலில் வெளியார் அழைப்புக்குக் காத்திருக்கும். அழையாது வருவோரைத் தடுக்கும் காவலே ஃபயர்வால். ஆதலின் ரௌட்டரில் 3389ஐ இணையத்துக்குத் திறந்து வைத்தல் கூடாது, தேவையெனில் வி.பி.என். வழியே மட்டும் அனுமதிக்கலாம்.

எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவற்றின் முறை வேறு. நம் கருவியே அவற்றின் சர்வருடன் தொடர்பு கொள்ளும். பிற வாயில்கள் அடைபட்டிருப்பின் 443 வழியேயும் செல்லும். உள்ளிருந்து புறப்படும் இத்தொடர்பை ஃபயர்வால் பொதுவாகத் தடுப்பதில்லை. 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி எச்சரித்த மோசடியின் வழியும் இதுவே. கைபேசியில் எனிடெஸ்க்கை நிறுவச் செய்து, திரையில் தோன்றும் 9 இலக்க எண்ணைக் கேட்டறிந்து, அனுமதியும் பெற்றபின் மோசடியாளர் கைபேசியைத் தம்வசப்படுத்துவர்.

எனவே, அழைத்துப் பேசும் எவர் சொற்கேட்டும் இத்தகைய செயலியை நிறுவாதீர்கள். கணக்காளரின் பணி முடிந்ததும் மென்பொருளை மூடிவிடுங்கள். ஐயம் எழுந்தால் இணைய இணைப்பைத் துண்டித்து, வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் உடனே தெரிவியுங்கள். 2017இல் ரிசர்வ் வங்கி வகுத்த விதிப்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேரும் இழப்பு, வங்கிக்குத் தெரிவிக்கும் வரை அவரையே சாரும். தெரிவித்தபின் நேர்வது வங்கியைச் சாரும்.