அப்டேட் நின்ற போனுக்கு வேறு இயங்குதளம்

பதுளை மாவட்டத்தின் நமுனுகுல, பசறை, மடுல்சீமைப் பக்கத்துத் தோட்ட வீடுகள் பலவற்றில் இரண்டாவது போன் ஒன்று சும்மா கிடக்கிறது. கொழும்பில் வேலை பார்க்கும் பிள்ளை புதிது வாங்கியதும் பழையதை வீட்டுக்குக் கொடுத்துவிட்டிருப்பார். திரையில் கீறல்கூட இருக்காது. சார்ஜ் ஏறும், பாட்டுக் கேட்கலாம். ஆனால் வட்ஸ்அப் வேலை செய்யாது, இணையப் பக்கங்கள் சில திறக்காது. பதுளைக்கோ பண்டாரவளைக்கோ கொண்டுபோனால், "இது பழைய மாடல், இனி அப்டேட் வராது, புதுசு எடுங்க" என்று அனுப்பிவிடுவார்கள்.

நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாயாகவும் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாயாகவும் நிர்ணயமான தொழிலாளர் குடும்பத்துக்கு அது லேசாகக் கேட்டுவிட்டுப் போகக்கூடிய சொல் இல்லை. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறியபோது, இறக்குமதியாகும் போன்களின் விலையும் கூடவே ஏறியது. ஆகவே அந்தப் பழைய போனை மீட்க வழி உண்டா என்று கேட்பது நியாயமான கேள்வி. உண்டு, அதற்குள் வேறொரு இயங்குதளத்தைப் போடலாம். எல்லாப் போனிலும் இது முடியாது. முடிகிற போனிலும் சிலதை இழக்க நேரும். எது கிடைக்கும், எது போகும் என்று முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது.

முதலில், போன் எப்படிப் ‘பழசாகிறது’ என்று பார்ப்போம். நம் கையிலுள்ள அன்ட்ரொய்ட் போன்கள் எல்லாவற்றின் அடியிலும் லினக்ஸ் இருக்கிறது. 1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கி, யாரும் பார்க்கவும் திருத்தவும் கூடியதாக வெளியிட்ட கருநிரல் அது. அதன் மேல் கூகுள் கட்டிய அன்ட்ரொய்ட், 2008 ஒக்டோபரில் முதல் போனில் விற்பனைக்கு வந்தது. போனுக்குள்ளிருக்கும் சில்லை (சிப்) செய்யும் குவால்கொம், மீடியாடெக் போன்ற கம்பனிகள் அந்தச் சில்லுக்குத் தேவையான நிரல்களைக் கொடுக்கின்றன. போன் கம்பனி அவற்றைச் சேர்த்துத் தன் சொப்ட்வெயாரை உருவாக்குகிறது. சில வருடங்களில் சில்லுக் கம்பனி புதிய சில்லுக்குப் போய்விடுகிறது, போன் கம்பனி புதிய மாடலுக்குப் போய்விடுகிறது. போனில் எந்தப் பாகமும் கெடவில்லை. அதைக் கவனிக்க ஆள் இல்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான்.

விளைவு மெதுவாகத் தெரியவரும். 2025 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து அன்ட்ரொய்ட் 4.4 உள்ள போன்களை வட்ஸ்அப் கைவிட்டது. அதற்கு முந்திய செப்டெம்பரில், உலகின் ஏராளமான இணையத்தளங்களுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு பழைய போன்களுக்காக வைத்திருந்த தற்காலிக ஏற்பாடு முடிந்தது. அதன் பிறகு அன்ட்ரொய்ட் 7.1.1க்குக் குறைந்த போன்களில், கூடவே வந்த உலாவியில் பல தளங்கள் எச்சரிக்கை காட்டி நின்றுவிடுகின்றன. வீட்டில் சிக்னல் இல்லை என்று நினைத்துக்கொண்டு மேட்டில் ஏறி நிற்கும் ஆளின் கையிலுள்ள போனில் உண்மையான தடை இதுவாகவும் இருக்கலாம்.

மாற்று இயங்குதளங்கள் இரண்டு வகை. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

முதல் வகை, அன்ட்ரொய்ட்டின் திறந்த நிரலை எடுத்து, கம்பனி கைவிட்ட போன்களுக்கு ஏற்பத் தன்னார்வலர்கள் தைத்துக் கொடுப்பது. இதில் பெரியது லீனியேஜ் ஓஎஸ். 2009இல் ஸ்டீவ் கொண்டிக் தொடங்கிய சயனோஜென்மொட் 2016 டிசம்பரில் நின்றதும் அதே நிரலிலிருந்து இது எழுந்தது. என்ன செய்ய முடியும் என்பதற்கு 2014இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்5 நல்ல சான்று. அன்ட்ரொய்ட் 4.4உடன் வெளிவந்த அந்தப் போனை சாம்சங் 6.0 வரை கொண்டுபோய் நிறுத்தியது. லீனியேஜ்காரர்கள் அதே போனை அன்ட்ரொய்ட் 11 வரை கொண்டுபோனார்கள். பிரெஞ்சுக்காரரான கயேல் துவால் தொடங்கிய ‘ஈ’ என்ற இயங்குதளமும் இதே அடித்தளத்தில் நிற்பதுதான். சென்னை ஐஐடியின் ஆதரவில் வளர்ந்த நிறுவனமொன்று 2023 ஜனவரியில் அறிமுகப்படுத்திய பார்ஓஎஸ்ஸும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது.

இரண்டாவது வகை, கணினியில் ஓடும் லினக்ஸையே போனில் ஓட்டுவது. கெனோனிக்கல் கம்பனி 2013இல் அறிவித்த உபுண்டு டச்சை 2017இல் கைவிட்டது. யூபிபோர்ட்ஸ் என்ற தன்னார்வக் குழு அதை ஏற்று இன்றும் நடத்துகிறது. ஒரு போன் பத்து வருடமாவது உழைக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு 2017இல் போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ் தொடங்கியது. பின்லாந்தில் ஜொல்லா கம்பனி செய்யும் செயில்ஃபிஷ் இன்னொன்று. இவற்றின் நோக்கத்தை நான் முழுமனதோடு மதிக்கிறேன். ஆனால் தோட்ட வீட்டுக்கு இவற்றைச் சிபாரிசு செய்ய மாட்டேன். அன்ட்ரொய்ட் செயலிகள் இவற்றில் நேரடியாக ஓடாது, வட்ஸ்அப் கம்பனி இவற்றுக்கென்று எதுவும் செய்யவில்லை, சில போன்களில் கெமராவோ அழைப்போ ஒழுங்காக இயங்காது. கணினி படிக்கும் மாணவர் ஒருவர் கற்றுக்கொள்வதற்காகப் போட்டுப் பார்க்கலாம். அம்மாவும் வெளியூரில் இருக்கும் பிள்ளையும் பேசிக்கொள்ளும் போனுக்கு லீனியேஜ் போன்றதே பொருந்தும்.

போனின் சொப்ட்வெயாரைத் தாமே மாற்றுவது தமிழ் வாசகருக்குப் புதிதில்லை. அன்ட்ரொய்ட் 2.3 காலத்தில் தமிழ்ச் செய்தித்தளம் ஒன்றைத் திறந்தால் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வரும். ஒபேரா மினியின் மறைவான அமைப்புப் பக்கத்துக்குப் போய், சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டும்படி மாற்றிவிட்டுப் படித்தோம். அது போதாதவர்கள் போனை ரூட் செய்து, அதாவது கம்பனி பூட்டி வைத்த உள்பகுதியைத் திறந்து, தமிழ் எழுத்துருவை உள்ளே போட்டார்கள். 2011 இறுதியில் வந்த அன்ட்ரொய்ட் 4.0க்குப் பிறகே நிலைமை சீரடையத் தொடங்கியது. கம்பனி தரும் வரை காத்திராமல் தமிழைத் தங்கள் போனில் தாங்களே ஏற்றிக்கொண்டவர்கள் கற்ற வித்தைதான் இங்கும் வேண்டியது. இலங்கைக்கும் திறந்த மென்பொருள் துறையில் பெயர் உண்டு. 2004 சுனாமிக்குப் பின் காணாமற் போனோரையும் முகாம்களையும் பதிவுசெய்ய இங்கே எழுதப்பட்ட சஹானா என்ற திறந்த மென்பொருள் பல நாடுகளுக்குப் போனது. ஹந்தானை மலையின் பெயரில் 2009இல் இங்கேயே ஒரு லினக்ஸும் வந்தது.

இனி வேலைக்கு வருவோம். போனின் நினைவகம் லயத்துக் காம்பிராக்கள் போலத் தடுத்துப் பிரிக்கப்பட்டிருக்கிறது: ஒன்றில் போனை எழுப்பும் பூட்லோடர், ஒன்றில் கருநிரல், ஒன்றில் இயங்குதளம், ஒன்றில் உங்கள் படங்களும் தகவல்களும், இன்னொன்றில் போனுக்கே உரிய ஐஎம்ஈஐ இலக்கமும் ரேடியோ அளவீடுகளும். பூட்லோடரைக் கம்பனி பூட்டி வைத்திருக்கும். அதைத் திறப்பதே முதல் வேலை, சில மாடல்களில் அதுவே முடியாத வேலையும்கூட. ஹுவாவி 2018 ஜூலையோடு திறப்புக் குறியீடு கொடுப்பதை நிறுத்திவிட்டது. ஷவோமி, கணக்கொன்றைப் பதிந்து நாட்கணக்கில் காத்திருக்க வைத்தே திறக்க விடும். விவோ, ஒப்போ போன்களில் பொதுவாக வழியில்லை. சாம்சங்கின் பழைய மாடல்கள் பல திறக்கும். ஆனால் திறந்து மாற்றியதும் உள்ளேயிருக்கும் நொக்ஸ் என்ற பாதுகாப்பு அடையாளம் நிரந்தரமாக மாறிவிடும்.

திறக்கிற போன் என்றால் செட்டிங்ஸில் ‘எபவுட் போன்’ பகுதிக்குப் போய் ‘பில்ட் நம்பர்’ மீது ஏழு முறை தட்ட வேண்டும். டெவலப்பர் பகுதி திறக்கும்; அதில் ‘ஓஈஎம் அன்லொக்கிங்’ என்பதை இயக்க வேண்டும். பிறகு கேபிளால் கணினியில் இணைத்து, சாம்சங் தவிர்ந்த பெரும்பாலான போன்களில் பாஸ்ட்பூட் என்ற கருவியால் திறக்கும் கட்டளையைக் கொடுக்க வேண்டும். திரையில் எச்சரிக்கை வரும். போனின் பொத்தான்களால் ‘ஆம்’ என்று சொன்னதும் போனிலுள்ள படம், தொடர்பு, செய்தி எல்லாம் அழிந்துவிடும். திருமண வீட்டுப் படங்கள் இருந்தால் இதற்கு முன்பே எடுத்து வைத்துவிடுங்கள். அடுத்து அந்த மாடலுக்கான ரிக்கவரியை (இயங்குதளத்தை ஏற்ற உதவும் சிறு நிரல்) ஏற்றி, அதன் வழியாக இயங்குதளக் கோப்பை அனுப்ப வேண்டும். கூகுள் பிளே ஸ்டோர் இதனுடன் வராது. வேண்டுமானால் அதற்கான பொதியைப் போன் முதல் முறை திறப்பதற்கு முன்பே ஏற்றிவிட வேண்டும், பின்னால் ஏற்றினால் குழப்பும். கோப்பு ஏறக்குறைய ஒரு ஜிபி இருப்பதால், ரீலோட் போட்ட டேட்டாவைச் செலவழிக்காமல் வைஃபை உள்ள இடத்தில் இறக்கிக்கொள்வது நல்லது. முதல் முறை திறக்கப் பல நிமிடங்கள் ஆகும். பயந்து இடையில் அணைத்துவிடக் கூடாது.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து மாடல் இலக்கத்தில் இருக்கிறது. கேலக்ஸி எஸ்5 என்ற ஒரே பெயரில் ஜி900எஃப், ஜி900எச் என்று இரண்டு போன்கள் விற்பனையாகின. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், உள்ளே சில்லு வேறு. ஒன்றின் கோப்பு மற்றதற்குப் பொருந்தாது. பெட்டியிலுள்ள பெயரை நம்பாமல் செட்டிங்ஸில் உள்ள இலக்கத்தைப் படியுங்கள். தொடங்கும் முன் ஸ்டார், ஹாஷ், பூச்சியம், ஆறு, ஹாஷ் அழுத்தி ஐஎம்ஈஐ இலக்கத்தை ஒரு தாளில் எழுதி வையுங்கள். முடிந்த பிறகு மறுபடி அழுத்திப் பாருங்கள். அந்த இலக்கம் காணாமற் போயிருந்தால் தவறான இடத்தில் கை பட்டிருக்கிறது என்று அர்த்தம். போன் வலையமைப்பில் சேராது.

இழப்பு என்ன? பூட்லோடர் திறந்த போனை கூகுளின் சோதனை அடையாளம் கண்டுவிடும் என்பதால் வங்கிச் செயலிகள் சில ஓட மறுக்கும். சில மாடல்களில் 4ஜி வழியான அழைப்பு வேலை செய்யாமல் பழைய வலையமைப்புக்கு இறங்கிப் பேசும். மலை மறைக்கும் பகுதிகளில் அதுவும் எட்டாமல் போகலாம். இதனால் நான் அழுத்திச் சொல்வது ஒன்று: வீட்டில் ஒரே ஒரு போன் இருந்தால் அதில் கை வைக்காதீர்கள். இரவில் பிரசவ வலி வந்தால் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைப்பது அந்தப் போனில்தான். மண்சரிவு எச்சரிக்கை வருவதும் அதில்தான். சும்மா கிடக்கும் இரண்டாவது போன் மட்டுமே இந்த வேலைக்கு உரியது.

அந்த இரண்டாவது போன் சிம் இல்லாமலே பிள்ளைகளுக்குப் பெரிதும் உதவும். 2021இல் பள்ளிக்கூடங்கள் மூடியிருந்தபோது, இதே பதுளை மாவட்டத்தின் லுணுகலையில் மாணவர்களைப் பெரியவர்கள் மலையுச்சிக் காட்டுக்கு அழைத்துப்போய், முப்பதடி உயர மரவீட்டில் ஏற்றி இணையப் பாடம் படிக்க வைத்தார்கள். அந்தக் கஷ்டத்தில் ஒரு பகுதி, படிக்க வேண்டியதெல்லாம் இணையத்தில் மட்டும் இருந்ததால் வந்தது. கிவிக்ஸ் என்ற இலவசச் செயலியில் தமிழ் விக்கிப்பீடியாவின் லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளை இறக்கி, சிக்னல் இல்லாமலே படிக்கலாம். கல்வி வெளியீட்டுத் திணைக்களம் தமிழ்மூலப் பாடப்புத்தகங்களைக் கோப்பாக இலவசமாகத் தருகிறது. நூலகம் நிறுவனம் 2005 முதல் சேர்த்துவரும் ஈழத்து, மலையக நூல்களும் இதழ்களும் இருக்கின்றன. ஒருமுறை பதுளையில் இறக்கி மெமரி கார்டில் போட்டுக் கொடுத்தால், லயத்தில் உட்கார்ந்து ஒரு பிள்ளை வருடம் முழுக்கப் படிக்க அது போதும்.

இதை ஒவ்வொரு குடும்பமும் தனியாகச் செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது சரியில்லை. ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் பதுளையிலேயே இருக்கிறது, அங்கே கணினி படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். தவணைக்கு ஒரு நாள் பசறையிலோ நமுனுகுலவிலோ ஒரு பாடசாலை மண்டபத்தில் மடிக்கணினிகளோடு உட்கார்ந்தால், கொண்டுவரும் போன்களில் எதைத் திறக்கலாம், எதைத் திறக்க முடியாது என்று அன்றே பிரித்துச் சொல்லிவிடலாம். பாடசாலை அதிபர்களும் தோட்டத்து இளைஞர் மன்றங்களும் அவர்களிடம் கேட்க வேண்டும். கேட்பதற்குக் காசு வேண்டாம்.

பழைய போன் ஒன்றைப் புதிதாக வாங்க நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. காசு கொடுக்கும் முன் மாடல் இலக்கத்தை லீனியேஜ் பட்டியலில் தேடுங்கள். பூட்லோடரைத் திறக்கலாமா என்று பாருங்கள். ஐஎம்ஈஐ என்று எழுதி, இடைவெளி விட்டு, 15 இலக்கங்களையும் 1909க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால், தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் அந்தப் போன் பதிவாகியிருக்கிறதா என்று பதில் வரும். பதில் வந்த பிறகு விலை பேசுங்கள்.